தன் பாட்டு தனக்குக் கேட்காத மேடை: பீட்டில்ஸ் 1966-இல் கச்சேரிகளை நிறுத்தியது ஏன்?

1. கேள்வி

1966 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை இரவு. சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் பேஸ்பால் மைதானம். மைதானத்தின் நடுவே உயரமாக மேடை கட்டி, சுற்றிலும் கம்பி வேலி அடித்திருந்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய அந்த இடத்தில் ஏறத்தாழ 25,000 சீட்டுகளே விற்றிருந்தன. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் மேடையேறிப் பதினொரு பாடல்கள் பாடினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பாடல்களுக்கு நடுவே, கையோடு கொண்டுவந்திருந்த கேமராவால் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள். குழுவின் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோ, மெக்கார்ட்னி கேட்டுக்கொண்டதால், ஒரு சிறிய கேசட் ரெக்கார்டரில் கச்சேரியைப் பதிவு செய்தார். கடைசிப் பாட்டு பாதியில் இருக்கும்போது நாடா தீர்ந்துபோனது.

அதன் பிறகு பீட்டில்ஸ் காசு வாங்கி ஒரு கச்சேரியும் செய்யவில்லை. அப்போது ரிங்கோவுக்கு வயது 26, ஹாரிசனுக்கு 23. உலகிலேயே அதிக விலைபோன மேடைக் கலைஞர்கள் இப்படி ஒரே நாளில் மேடையை விட்டு இறங்கியதற்கு முன்னுதாரணம் இல்லை. இறங்குகிறோம் என்று அவர்கள் அறிவிக்கவும் இல்லை. பிரிட்டனில் சீட்டு விற்று நடந்த கடைசிக் கச்சேரியும் இப்படித்தான் சத்தமில்லாமல் கழிந்தது. 1966 மே 1 அன்று வெம்ப்ளியில் அவர்கள் பாடியபோது, ஒப்பந்தத் தகராறால் தொலைக்காட்சிக் கேமராக்களை அணைத்துவைத்திருந்தார்கள்.

அறிவிப்பு இல்லாததால், காரணத்தைச் சொல்லும் முதல்நிலை ஆவணமும் இல்லை. நம் கையில் இருப்பவை பின்னாள் நினைவுகளும், அந்த நாட்களின் ஒலிப்பதிவுகளும்தான். இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் நினைவுகளை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. இக்கட்டுரை ஒலிப்பதிவுகளை முதல் சாட்சியாக வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்கிறது.

2. வழக்கமான விடைகள்

பரவலாகச் சொல்லப்படும் முதல் காரணம் அச்சம். அதற்கு ஆதாரம் ஏராளம். 1966 ஜூலை 4 அன்று மணிலாவின் ரிசால் நினைவு மைதானத்தில் இரண்டு கச்சேரிகள். மொத்தம் 80,000 பேர் வந்தார்கள். ஆனால் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் வைத்திருந்த வரவேற்புக்கு அவர்கள் போகவில்லை. மறுநாள் அரசுப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. விமான நிலையத்தில் அவர்களையும் உடன் வந்தவர்களையும் கூட்டம் தள்ளி, உதைத்து அனுப்பியது. அங்கிருந்து தில்லிக்குப் பறந்த வழியிலேயே, இந்த ஆகஸ்டோடு போதும் என்று மேலாளர் பிரையன் எப்ஸ்டைனிடம் சொல்லிவிட்டார்கள் என்பது சிலர் தரும் கணக்கு. அடுத்து வந்தது அமெரிக்கா. மார்ச் 4 அன்று லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டில் மொரீன் கிளீவ் எழுதிய கட்டுரையில் கிறிஸ்தவம் பற்றி லெனன் சொன்ன ஒரு கருத்து, ஐந்து மாதம் கழித்து அமெரிக்கத் தெற்கில் தீப்பிடித்தது. இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 19 அன்று மெம்ஃபிஸில் யாரோ ஒரு வெடியை மேடைப் பக்கம் எறிந்தார்கள். துப்பாக்கிச் சூடு என்று நினைத்து, நம்மில் யார் விழுந்தது என்று நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதாகப் பின்னர் சொன்னார்கள். பாட்டு நிற்கவில்லை.

அச்சம் உண்மை. ஆனால் அதுவே தீர்மானித்த காரணம் என்று கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நால்வரில் கடைசிவரை மேடையை விட மனமில்லாமல் இருந்தவர் மெக்கார்ட்னி. மெம்ஃபிஸ் அவரை மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸில், மழையில், ஒழுகும் கூரைத் துணிக்கு அடியில் பாடிவிட்டு, உட்கார இருக்கைகூட இல்லாத ஒரு வண்டியின் உள்ளே உருண்டு புரண்டு திரும்பியபோதுதான் அவரும் மற்றவர்கள் பக்கம் சேர்ந்தார். உயிர்பயம் அவரை இறக்கவில்லை. இந்த மேடையில் பாட்டு என்று எதுவும் நடக்கவில்லை என்ற அலுப்பே இறக்கியது.

இரண்டாவது விடை, பாடல்கள் மேடைக்கு அடங்காதவையாக வளர்ந்துவிட்டன என்பது. ரிவால்வர் இசைத்தட்டை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். 1966 ஏப்ரல் 6 அன்று அதன் முதல் பாட்டாக அவர்கள் பதிவுசெய்த டுமாரோ நெவர் நோஸ், சுற்றிச் சுற்றி ஓடும் நாடாத் துண்டுகளாலும், ஆர்கன் வாத்தியத்தின் சுழலும் ஒலிபெருக்கி வழியே அனுப்பிய லெனனின் குரலாலும் ஆனது. எலினோர் ரிக்பியில் எட்டுத் தந்தி வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். நால்வரில் யாரும் வாத்தியத்தைத் தொடவே இல்லை. இசைத்தட்டு பிரிட்டனில் ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்தது. ஒரு வாரத்தில் அமெரிக்கப் பயணம் தொடங்கியது. பயணம் முழுவதிலும் ரிவால்வரிலிருந்து ஒரு பாட்டைக்கூட அவர்கள் பாடவில்லை.

இதைப் பலரும் முடிவான ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பாதி ஆதாரமாகவே படுகிறது. அதே இசைத்தட்டில் டாக்ஸ்மேன் இருக்கிறது, ஷீ செட் ஷீ செட் இருக்கிறது, அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங் இருக்கிறது. இரண்டு கிதார், ஒரு பேஸ், டிரம்ஸ் இருந்தால் போதும், இவற்றை மேடையில் வாசிக்கலாம். அவற்றையும் ஏன் தொடவில்லை? அந்த இசைத்தட்டு எவ்வளவு சிக்கலானது என்று அளந்துகொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. மேடையில் நின்றவர்களுக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று பார்த்தாக வேண்டும்.

3. ஹாம்பர்க்கில் பழகிய காது

இந்தக் குழு மேடையில் பிறந்த குழு. 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரின் இந்திரா என்ற சின்ன விடுதியில் தொடங்கினார்கள். வார நாட்களில் இரவுக்கு நாலரை மணி நேரம் வாசிப்பு. அடுத்த ஆண்டு டாப் டென் விடுதியில் மூன்று மாதம், ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் ஏழு மணி நேரம். லிவர்பூலுக்குத் திரும்பினால் கேவர்ன் என்ற நிலவறை. அங்கே 1963 ஆகஸ்ட் வரை முன்னூறுக்குச் சற்றுக் குறைவான முறை பாடியிருக்கிறார்கள். தாழ்ந்த செங்கல் வளைவுகள், வியர்வை வழியும் சுவர்; பாடுகிறவர் வாய்க்கும் கேட்கிறவர் காதுக்கும் இடையே சில அடிகள்தான்.

ஏழு மணி நேரம் வாசிக்கும் ஒருவன் கையால் மட்டும் வாசிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவன் காலப்பிரமாணத்தைச் சற்றுத் தள்ளினால் தானும் தள்ளுகிறான்; மேல்குரல் சுருதியில் தளர்ந்தால் கீழ்க்குரல் பிடித்து நிறுத்துகிறது. 1962 இறுதியில் ஸ்டார் கிளப்பில் ஒரு சாதாரண வீட்டு ரெக்கார்டரில் பதிந்து, 1977-இல் வெளியான நாடாவில் இதைக் கேட்கலாம். ஒலித் தரம் மோசம். ஆனால் ஒருவர் தாளத்தை இழுக்க, மற்ற மூவரும் அரை விநாடியில் சேர்ந்துகொள்வது தெளிவாகக் கேட்கிறது. நடுவே கூட்டத்தில் யாரோ ஏதோ சொல்ல, லெனன் பதில் சொல்கிறார். பதில் சொல்ல முடிகிறது என்றால் கேட்டது என்று பொருள். ஆராய்ச்சியாளர்கள் அந்த நாடாவில் எந்தப் பாட்டு, எந்தத் தேதி என்றே தேடியிருக்கிறார்கள். எனக்கு அதில் இந்தக் கேட்டல்தான் பெரிய செய்தி.

1963 பிப்ரவரி 11 அன்று ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிந்து முதல் இசைத்தட்டை அவர்களால் முடிக்க முடிந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அன்று பிடித்துவைத்தது ஏறக்குறைய அவர்களுடைய மேடைக் கச்சேரியைத்தான்.

4. ஷே மைதானமும் அதன் பொய்ச்சாட்சியும்

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். 55,600 பேர். ஒரு ராக் குழுவுக்கு அதுவரை கூடாத கூட்டம். கிதார்களுக்குப் பின்னால் வாக்ஸ் நிறுவனம் செய்துகொடுத்த 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள். குரல்கள் போனது மைதானத்தின் சொந்த ஒலிபெருக்கிகள் வழியே. அதாவது பேஸ்பால் ஆட்டத்தில் அடுத்து மட்டை பிடிக்க வருபவர் பெயரை அறிவிக்க வைத்திருந்த குழாய்கள் வழியே. மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கி கிடையாது. கூட்டத்தின் கூச்சல் எல்லாவற்றையும் மூடியது. பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிய, முன்னால் நிற்கும் மூவரின் முதுகும் தலையும் அசைவதைப் பார்த்துத்தான் டிரம்ஸ் வாசித்தேன் என்று ரிங்கோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஹாம்பர்க்கில் காது செய்த வேலையை ஷேயில் கண் செய்தது.

அந்தக் கச்சேரிதான் மேடை வாழ்வின் சிகரம் என்று எழுதுபவர்கள் அதன் திரைப்படத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். இங்கே எச்சரிக்கை தேவை. படத்தில் ஒலிப்பது அன்றிரவு ஒலித்தது முழுவதும் அல்ல. 1966 ஜனவரி 5 அன்று லண்டனில் ஒரு கூடத்தில் நால்வரும் கூடி, படத்தைப் பார்த்தபடியே ஐ ஃபீல் ஃபைன், ஹெல்ப் ஆகிய பாட்டுகளைப் புதிதாகப் பாடி வாசித்தார்கள். வேறு சிலவற்றில் பேஸ் கிதாரைச் சேர்த்தார்கள். ரிங்கோ பாடும் பாட்டுக்கு இசைத்தட்டில் இருந்ததையே ஒட்டினார்கள். வரலாற்றின் மிகப் பெரிய கச்சேரி என்று உலகம் கேட்டதில் ஒரு பங்கு, ஆளில்லாத அறையில், ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கும் அமைதியில் பிறந்தது. மேடை தர முடியாததை ஒலிப்பதிவுக்கூடம் தந்துவிடும் என்பதை அந்த ஜனவரி நாள் அவர்கள் கண்முன் நிரூபித்தது. பீட்டில்ஸ் வரலாறுகளில் அதற்கு இன்னும் முழு அத்தியாயம் கிடைக்காதது எனக்குக் குறையாகவே படுகிறது.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1964, 1965 ஆகஸ்டுகளில் ஹாலிவுட் பௌல் அரங்கில் கேப்பிட்டல் நிறுவனம் மூன்று தடங்களில் பதிந்த நாடாக்கள் 1977-இல் வெளியாயின. கூச்சல் சுவரைப் போல எழுகிறது; அதன் அடியில் குழு இறுக்கமாக, வேகமாக, பெரும்பாலும் சுருதி சேர்ந்தே பாடுகிறது. காது இல்லாமலே இவ்வளவு முடிந்தது என்றால் காதைக் காரணமாக்குவது எப்படி?

பாடிய பாட்டுகளின் பட்டியலில் விடை இருக்கிறது. ட்விஸ்ட் அண்ட் ஷவுட், லாங் டால் சாலி போன்றவை ஹாம்பர்க் காலத்துச் சரக்கு. நூற்றுக்கணக்கான இரவுகளில் உடம்பில் ஏறியவை. கேட்காமலும் அவற்றைப் பாடிவிடலாம். புதிய பாட்டு அப்படியல்ல. பாடி, கேட்டு, பிழை கண்டு, மறுநாள் திருத்தி, பத்தாவது இரவில்தான் அது மேடைப்பாட்டாகும். கேட்காத மேடையில் அந்தத் திருத்தம் நடக்காது. ரிவால்வரின் எளிய பாட்டுகளும் மேடைக்கு வராமல் போனதற்குக் காரணம் இதுவே என்று நான் கொள்கிறேன்.

5. டோக்கியோவில் கேட்டது

இந்தக் கருத்தைச் சோதிக்க ஓர் இடம் உண்டு. ரிவால்வரின் கடைசிப் பாட்டை ஜூன் 21 அன்று பதிந்துவிட்டு, போதிய ஒத்திகை இல்லாமலே ஜெர்மனி போனார்கள். மூன்றரை ஆண்டு கழித்து ஹாம்பர்க்கில் மறுபடி பாடினார்கள். ஆனால் இப்போது பெரிய மண்டபத்தில், அரை மணி நேரம். அங்கிருந்து டோக்கியோ. ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை புடோகான் அரங்கில் ஐந்து கச்சேரிகள். 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிக்குக் கட்டிய அந்த அரங்கில் ராக் இசையா என்று எதிர்ப்பு எழுந்ததால் காவல் மிகக் கடுமை. பார்வையாளர் யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது. பத்தாயிரம் பேர் இருந்தும் அரங்கு மற்ற ஊர்களைவிட அடங்கியிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர்களுக்குத் தங்கள் பாட்டு கேட்டது. கேட்டது நன்றாக இல்லை.

முதல் நாள் கச்சேரியின் வண்ணப் பதிவு இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டு அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. மெக்கார்ட்னியின் மைக் நிற்க மறுக்கிறது. பாடப் பாட அது மெல்லத் திரும்பி அவர் வாயை விட்டு விலகுகிறது. கையில் பேஸ் இருப்பதால் பிடிக்க முடியாமல், கழுத்தை வளைத்து அதன் பின்னாலேயே போகிறார். பேப்பர்பேக் ரைட்டர் பாட்டில், இசைத்தட்டில் அடுக்கடுக்காக எழும் குரல்கள் இங்கே மூன்று மெலிந்த இழைகளாகி ஒன்றோடொன்று சேராமல் நிற்கின்றன. ஏப்ரலில் பதிந்த பாட்டு அது. மேடையில் அவர்கள் துணிந்த ஒரே புத்தம் புதிய பாட்டு. பழைய பாட்டுகளும் அன்று தளர்ந்தே இருக்கின்றன.

மறுநாள் ஜூலை 1 பதிவு என் காதுக்குத் தெளிவாகவே மேம்பட்டிருக்கிறது. தாளம் கூடி வருகிறது, குரல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கின்றன. ஒரே நாளில் திறமை கூடிவிடாது. முதல் நாள் கேட்டார்கள், அடுத்த நாள் திருத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு மேடை அலுத்துவிட்டது, சோம்பிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

6. அட்லாண்டாவில் ஓர் இரவு

அப்படியானால் தவறு கூச்சலிட்ட ரசிகைகளுடையதா? பல வரலாறுகள் பழியை அந்தப் பதின்வயதுப் பெண்கள் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது அநியாயம் என்பதற்கு அட்லாண்டா சாட்சி.

ஷே கச்சேரிக்கு மூன்றே நாள் கழித்து, 1965 ஆகஸ்ட் 18 அன்று அட்லாண்டா மைதானத்தில் பாடினார்கள். ஒலியமைப்பை ஏற்றது பேக்கர் ஆடியோ என்ற உள்ளூர் நிறுவனம். சக்தி வாய்ந்த ஆல்டெக் ஆம்ப்ளிஃபயர்களை வைத்ததோடு, மேடையை நோக்கியும் ஒலிபெருக்கிகளைத் திருப்பி வைத்தார்கள். அங்கும் கூட்டம் பெரிது, அங்கும் கூச்சல். ஆனால் அன்று பாடகர்களுக்குத் தங்கள் குரல் கேட்டது. பாட்டுக்கு நடுவே ஒலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று மெக்கார்ட்னி மகிழ்ந்து சொல்வதை அன்றைய பதிவில் கேட்கலாம்.

ஆக, 1965-இலேயே தீர்வு கைக்கு எட்டியிருந்தது. மறு ஆண்டு பயணத்தில் அது எல்லா ஊருக்கும் வழக்கமாகவில்லை. ஊருக்கு ஊர் கிடைத்த ஒலிபெருக்கியோடு சமாளித்தார்கள். எப்ஸ்டைன் நேர்மையானவர்; குழுவிடம் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் அன்றைய தொழில் முழுவதும் ஒரு கணக்கில் ஓடியது: சீட்டு வாங்குகிறவர் பார்க்க வருகிறார். பார்க்க அரை மணி போதும், பதினொரு பாட்டு போதும், மைதானத்து அறிவிப்புக் குழாய் போதும். பாடுகிறவர் காதுக்கு என்ன வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் எந்த வரியிலும் இல்லாத கேள்வி. நிலைமை மாற அதிக நாள் ஆகவும் இல்லை. 1967 ஆகஸ்டில் விண்ட்சர் இசைவிழாவில் சார்லி வாட்கின்ஸ் ஆயிரம் வாட் ஒலியமைப்பை நிறுத்தினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மேடை மானிட்டர்கள் பரவத் தொடங்கின. பீட்டில்ஸ் இறங்கி ஓரிரு ஆண்டுகளில் மேடைக்குக் காது முளைத்தது.

1966 நவம்பர் 24 அன்று அவர்கள் மறுபடி கூடியது ஒலிப்பதிவுக்கூடத்தில். எடுத்துக்கொண்டது ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர். வேறு வேறு சுருதியிலும் வேகத்திலும் இருந்த இரண்டு பதிவுகள் லெனனுக்குப் பிடித்திருந்தன. ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடாவின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் ஒட்டினார்கள். ஒட்டு ஒரு நிமிடம் அளவில் வருகிறது. தெரிந்து கேட்டால் காற்று லேசாகக் கனப்பது போல இருக்கும். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவர்கள்தான் மூன்று மாதம் முன்பு தங்கள் குரலே கேட்காமல் நின்றிருந்தார்கள்.

7. சேவில் ரோ மொட்டைமாடி

மேடையே வேண்டாம் என்பதுதான் அவர்கள் எண்ணம் என்றால் 1969 ஜனவரி 30 நடந்திருக்காது. லண்டன், 3 சேவில் ரோ, அவர்களுடைய ஆப்பிள் நிறுவனக் கட்டடம். அந்த மாதம் முழுவதும் சண்டையும் சலிப்பும். ஜனவரி 10 அன்று ஹாரிசன் குழுவை விட்டே வெளியேறி, பிறகு திரும்பி வந்திருந்தார். ஆப்பிள் நிலவறைக்கு மாறியதும் கீபோர்டு வாசிக்க பில்லி பிரஸ்டன் சேர்ந்தார். ஒரு சிறிய அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, புதிய பாட்டுகளைப் பாடி, கேட்டு, உடைத்து, மறுபடி கட்டினார்கள். ஹாம்பர்க்குக்குப் பிறகு இப்படி உழைத்தது அரிது.

அன்று மதியம் ஐவரும் மொட்டைமாடி ஏறினார்கள். கடுங்குளிர். ரிங்கோ மனைவியின் சிவப்புக் கோட்டைப் போட்டிருந்தார். காற்று மைக்கில் மோதாமல் இருக்கப் பெண்கள் அணியும் காலுறைகளை வாங்கி வந்து மைக்குகளுக்கு மாட்டியிருந்தார்கள். கீழே நிலவறையில் கிளின் ஜான்ஸ் எட்டுத் தட நாடாவில் பதிந்துகொண்டிருந்தார். 42 நிமிடங்களில் ஐந்து பாட்டுகள். சிலவற்றை இரண்டு, மூன்று முறை பாடினார்கள். எல்லாமே அதுவரை வெளிவராதவை. அவற்றில் ஒன்றான ஒன் ஆஃப்டர் 909, லெனனும் மெக்கார்ட்னியும் பள்ளிப் பருவத்தில் எழுதியது. அன்று பாடியவற்றில் மூன்று பதிவுகள் லெட் இட் பீ இசைத்தட்டில் இடம்பெற்றன. கேண்டில்ஸ்டிக் மேடைக்கு ரிவால்வரிலிருந்து ஒரு பாட்டையும் கொண்டுவர முடியாதவர்கள், கேட்க முடிந்த மேடையில் வெளிவராத பாட்டுகளை மட்டுமே பாடினார்கள்.

ஷேயில் பார்த்தவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை. சேவில் ரோவில் தெருவில் நின்றவர்களுக்குப் பாட்டு கேட்டது. பாடுகிறவர்கள் கண்ணில் படவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

சத்தம் பற்றிப் புகார் வரவே போலீஸ்காரர்கள் மாடிக்கு வந்தார்கள். கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. உதவியாளர் மால் எவன்ஸ் என்ன செய்வது என்று தெரியாமல் லெனன், ஹாரிசன் இருவரின் ஆம்ப்ளிஃபயர்களையும் அணைத்தார். கிதார்கள் மௌனமாயின, பேஸும் டிரம்ஸும் விடாமல் ஓடின. கேண்டில்ஸ்டிக் பார்க் முடிந்ததில் மற்ற எல்லோரையும்விட நிம்மதியடைந்தவர் ஹாரிசன். இந்த மொட்டைமாடிக் கச்சேரிக்கும் அவர் முதலில் இசையவில்லை. அவர் திரும்பி, குனிந்து, தன் ஆம்ப்ளிஃபயரை மறுபடி போட்டார்.